காலேஜ் கேன்டீன் க்யூவைக் குறைக்க ஆப் பண்றவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், மினி ப்ராஜெக்ட், ஹேக்கத்தான்னு எங்க பார்த்தாலும் யாராவது ஒரு டீம் எடுத்து வச்சிருக்குற தலைப்பு இது, மதியம் கேன்டீன்ல நிக்குற நேரத்தைக் குறைக்க ஒரு மொபைல் ஆப். நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் கேன்டீனை மனசுல வச்சுதான் எழுதிருக்கேன், அதாவது பில் கவுண்டர்ல காசு கட்டி டோக்கன் வாங்கி, அந்த டோக்கனோட போய் சாப்பாட்டுக்கு ஒரு இடம், தோசை பரோட்டாவுக்கு ஒரு இடம், டீ பஃப்ஸுக்கு ஒரு இடம்னு மறுபடியும் நிக்குற அந்த செட்டப். ஜூனியர்ஸ் திரும்பத் திரும்ப கேக்குறதை மட்டும் எடுத்து பதில் போட்டிருக்கேன்.

ஆப்ல ஆர்டர் பண்ண வச்சுட்டா க்யூ தானா குறைஞ்சிடும்ல?

குறையாது. பில் கவுண்டர்ல நின்ன க்யூ அப்படியே நகர்ந்து தோசைக் கவுண்டர் முன்னாடி போய் நிக்கும், அவ்வளவுதான் நடக்கும். ஒரு தோசைக் கல்லுல ஒரு தடவைக்கு 6 தோசை விழும், ஒரு ஈடு எடுக்க 4 நிமிஷம் ஆகும்னு வச்சுக்குவோம், 50 நிமிஷ லஞ்ச் பிரேக்ல அந்தக் கல்லு குடுக்கறது 75 தோசை. ஆர்டர் ஆப்ல வந்தாலும் சரி, டோக்கன்ல வந்தாலும் சரி, மாஸ்டர் தலைகீழா நின்னாலும் 75தான். நீங்க ஆப்ல 200 தோசை ஆர்டர் எடுத்துட்டீங்கன்னா 125 பேரைக் காசை வாங்கிட்டு கவுண்டர்ல நிக்க வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

இது பெரிய கம்பெனிக்கே நடந்திருக்கு. ஸ்டார்பக்ஸ் அமெரிக்கா முழுக்க மொபைல் ஆர்டரை 2015ல கொண்டு வந்தாங்க, ஆப் செம ஹிட், ஆனா 2017 ஆரம்பத்துல அவங்களே வெளிப்படையா சொன்ன விஷயம் என்னன்னா, பிசியான கடைகள்ல மொபைல் ஆர்டர் எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழுந்து காபி குடுக்குற இடத்துல கூட்டம் அடைச்சுக்குது, நேரா நடந்து வர்ற கஸ்டமர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துட்டு வாங்காமலே திரும்பிப் போயிடறான். ஆர்டர் பட்டனை ஸ்மூத்தா பண்ணாங்க, ஆனா எவ்வளவு ஆர்டர் எப்ப உள்ள வரணும்னு கட்டுப்பாடு இல்ல.

அதனால உங்க ஆப்போட உண்மையான வேலை ஆர்டர் எடுக்கறது இல்ல, ஆர்டரை நேரவாரியா பரப்பி விடறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டா கீழ வர்ற பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

அப்ப முதல்ல எங்க ஆரம்பிக்கறது, ஃபிக்மாவுலயா?

ஃபிக்மா ஸ்க்ரீன் டிசைன் பண்ற டூல்தானே, அது ஓடிப் போகாது, அப்புறம் திறக்கலாம். முதல்ல ஒரு வாரம் கேன்டீன்ல போய் அளந்து பாருங்க. சின்னச் சின்ன அட்டை வெட்டிக்கோங்க, க்யூவோட கடைசியில ஒருத்தர் நின்னு, வந்து சேர்ற ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும் நேரம் எழுதி ஒரு அட்டை குடுக்கணும், பில் கவுண்டர்ல இன்னொருத்தர் அதுல நேரம் எழுதி திருப்பிக் குடுக்கணும், சாப்பாடு கையில வாங்குற இடத்துல மூணாவது ஆள் நேரம் எழுதி அட்டையை வாங்கி வச்சுக்கணும். மூணு நேரம் கையில இருந்தா எந்த இடத்துல எவ்வளவு நேரம் போகுதுன்னு பளிச்சுன்னு தெரிஞ்சிடும், இதுக்கு எந்த சென்சாரும் வேண்டாம்.

பெரும்பாலும் மூணுல ஒரு விஷயம் சிக்கும். ஒண்ணு பில் கவுண்டர், சில்லறை தேடறது, "அண்ணா ஒரு சாம்பார் சாதம், இல்ல இல்ல லெமன் குடுங்க"ன்னு அங்க நின்னு யோசிக்கறது, ஜிபே திறந்து பின் போட்டு அந்த ஸ்பீக்கர் பெட்டி கத்துற வரைக்கும் பார்த்துட்டு நிக்கறது. ரெண்டாவது அடுப்பு, மேல சொன்ன தோசைக் கல் கதை. மூணாவது யாருமே எதிர்பார்க்காதது: தட்டு. தட்டு கழுவி வர லேட்டாகும், இல்லன்னா உக்கார இடம் இருக்காது, அதனால வாங்குனவன் கவுண்டர் பக்கத்துலயே தட்டோட நிப்பான், பின்னாடி இருக்கறவன் கை நீட்டவே முடியாது. தட்டுதான் பிரச்சனைன்னா உங்க ஆப் ஒண்ணும் பண்ண முடியாது, கூட 100 தட்டு வாங்கச் சொல்லி லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வேற ப்ராஜெக்ட் எடுங்க. ஜோக் இல்ல, சீரியஸா சொல்றேன்.

எல்லாரும் ஒரே நேரத்துல வர்றதுதான் பிரச்சனைன்னு தெரியுது, அதுக்கு ஆப் இல்லாமலே வழி இருக்கா?

இருக்கு, ரிவ்யூல இதைச் சொன்னா உங்க ப்ராஜெக்டே வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு யாரும் சொல்ல மாட்டாங்க. லஞ்ச் பிரேக்கை டிபார்ட்மெண்ட் வாரியா பிரிக்கறதுதான் அது.

கணக்கு போட்டுப் பாருங்க. 12:40க்கு பெல் அடிக்குது, பத்து நிமிஷத்துக்குள்ள 600 பேர் வந்துடறாங்க, எல்லா கவுண்டரும் சேர்த்து நிமிஷத்துக்கு 20 பேரை அனுப்புதுன்னு வைங்க. பத்து நிமிஷத்துல 200 பேர் வாங்கிட்டுப் போயிருப்பாங்க, 400 பேர் நிப்பாங்க, கடைசி ஆளுக்கு 20 நிமிஷம் ஆகும். இப்ப அதே 600 பேரை ரெண்டா பிரிச்சு, 300 பேருக்கு 12:40க்கும் மீதி 300 பேருக்கு 1 மணிக்கும் பிரேக் விட்டா? பத்து நிமிஷ முடிவுல 100 பேர்தான் நிப்பாங்க, கடைசி ஆளுக்கு 5 நிமிஷம். கூட்டம் பாதியாச்சு, ஆனா காத்திருப்பு கால்வாசியாச்சு. முதல் செட் 12:55க்கே காலியாகிடும், ரெண்டாவது செட் வர்றப்ப கவுண்டர் சும்மா இருக்கும்.

சமையல்காரர் ஒருத்தர் கூட சேரல, ஒரு வரி கோட் எழுதல. ஆனா டைம்டேபிள் கமிட்டியை சம்மதிக்க வைக்கறது கோட் எழுதுறதை விடக் கஷ்டம், லேப் அலாட்மெண்ட், பஸ் டைமிங்னு ஆயிரம் காரணம் வரும். அது நடக்காத இடத்துலதான் ஆப்புக்கு வேலை, பெல்லால பிரிக்க முடியாததை ஸ்லாட்டால, அதாவது சாப்பாடு வாங்க ஆளுக்கு ஒரு நேரம் குடுத்து, பிரிக்கறோம்.

ஸ்லாட் எப்படி டிசைன் பண்ணணும்?

இதுதான் ப்ராஜெக்டோட இதயம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல மெனுவை மூணா பிரிங்க. சாம்பார் சாதம், தயிர் சாதம், லெமன் சாதம், பஃப்ஸ், சமோசா மாதிரி ரெடியா இருக்கறதுக்கு ஸ்லாட்டே வேண்டாம், காசு முன்னாடியே கட்டிட்டா வந்து எடுத்துட்டுப் போற ஐட்டம் அது. முழுச் சாப்பாடு மாதிரி பரிமாற நேரம் ஆகறது இன்னொரு வகை. தோசை, பரோட்டா, ஆம்லெட், ஃப்ரைட் ரைஸ் மாதிரி சொன்ன பிறகு போடறது மூணாவது, ஸ்லாட் இந்த மூணாவதுக்குத்தான் உயிர்.

அடுத்து, கொள்ளளவை ஆர்டர் எண்ணிக்கையில வைக்காதீங்க, அடுப்பு கணக்குல வைங்க. "ஒரு ஸ்லாட்டுக்கு 20 ஆர்டர்"னு நிறைய டீம் வச்சிருப்பாங்க, 20 ஆர்டரும் தோசையா இருந்தா கதை முடிஞ்சுது. தோசைக் கல்லுக்கு தனிக் கணக்கு, ஃப்ரைட் ரைஸ் கடாய்க்கு தனிக் கணக்கு. மேல சொன்ன கல்லுல 5 நிமிஷ ஸ்லாட்டுக்கு 7 தோசைதான் வரும், அதுல 4 ஆப்புக்கு, 3 நேர்ல வர்றவங்களுக்கு. முழுசையும் ஆப்புக்குத் தூக்கிக் குடுத்துட்டா கவுண்டர்ல நிக்கறவனுக்கு தோசையே கிடைக்காது, மறுநாள் கேன்டீன்ல சண்டைதான்.

ஸ்லாட்டோட நீளம் 5 நிமிஷம் சரியா இருக்கும். 15 நிமிஷம் வச்சா எல்லாரும் அந்த 15ல முதல் நிமிஷத்துலயே வந்து நிப்பாங்க, 2 நிமிஷம் வச்சா மாஸ்டரால பிடிச்சு வைக்க முடியாது.

நிறைஞ்ச ஸ்லாட்டை மறைக்காதீங்க, அடுத்து எது காலியோ அதை முதல்ல காட்டுங்க. "1:05 நிறைஞ்சுது, 1:10ல 2 தோசை இருக்கு, சாம்பார் சாதம் இப்பவே எடுக்கலாம்"னு ஒரே ஸ்க்ரீன்ல தெரிஞ்சா, பசியில இருக்கறவன் சாம்பார் சாதத்துக்கு மாறிடுவான். அந்த மாற்றமே உங்க ஆப் பண்ற பெரிய வேலை. தோசைக்கு நிக்கற பாதிப் பேருக்கு தோசைதான் வேணும்னு கட்டாயம் எதுவும் கிடையாது, எதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாமத்தான் நிக்கறாங்க.

ரிவ்யூல க்யூயிங் தியரி ஃபார்முலா கேக்கறாங்க, எதைப் போடறது?

க்யூயிங் தியரின்னா க்யூவைப் பத்தின கணக்கு, அதுல ஒரே கவுண்டர் இருக்கற க்யூவுக்கான எம்/எம்/1 ஃபார்முலாவை எல்லாரும் ஒட்டி வச்சிருப்பாங்க. அது எப்ப வேலை செய்யும்னா, வர்ற வேகம் சர்வீஸ் வேகத்தை விடக் கம்மியா இருந்து, ரொம்ப நேரம் அப்படியே ஓடினா. மதியம் பெல் அடிச்ச பிறகு வர்ற வேகம் சர்வீஸை விட ரெண்டு மடங்கு மூணு மடங்கு இருக்கும், நம்பரைப் போட்டா விடை மைனஸ்ல வரும், எக்ஸாமினர் கேட்டா முழிக்க வேண்டியதுதான். அதுக்கு பதிலா மொத்தம் எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் வாங்கிட்டுப் போனாங்கன்னு ஒரே கிராஃப்ல ரெண்டு கோடு போடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல மேலயிருந்து கீழ அளந்தா க்யூ நீளம், பக்கவாட்டுல அளந்தா காத்திருப்பு நேரம். நான் மேல 600 பேருக்குப் போட்ட கணக்கு அதேதான்.

கூடவே லிட்டில்ஸ் லா கண்டிப்பா போடுங்க, ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்சது. சராசரியா உள்ள இருக்கற ஆள் எண்ணிக்கை, வர்ற வேகத்தை சராசரி நேரத்தால பெருக்கினா வரும். 40 பேர் நிக்கறாங்க, நிமிஷத்துக்கு 4 பேர் போறாங்கன்னா 10 நிமிஷம், ஆப்ல காட்டுற நேரத்துக்கும் இந்தக் கணக்கே முக்கால்வாசி போதும். வரலாறு கேட்டா டென்மார்க்காரர் எர்லாங் கோபன்ஹேகன் டெலிஃபோன் கம்பெனி வேலைக்காக 1909ல எழுதின பேப்பர்ல இருந்து ஆரம்பிங்க.

கிச்சன்ல ஒரு டேப்லெட் வச்சு ஆர்டரைக் காட்டலாம்ல?

டெமோல அழகா இருக்கும். நிஜத்துல பரோட்டா மாஸ்டர் கையைப் பார்த்திருக்கீங்களா? முழங்கை வரைக்கும் எண்ணெயும் மைதாவும், அந்தக் கையால டச் ஸ்க்ரீனைத் தொட்டா ஒண்ணு வேலை செய்யாது, இல்லன்னா ரெண்டு ஆர்டர் சேர்ந்து முடிஞ்சதா மார்க் ஆகிடும், ஆவியில டேப்லெட் எத்தனை நாள் தாங்கும்னு தனிக் கேள்வி.

58 எம்எம் தெர்மல் பிரிண்டர் ஒண்ணு வாங்குங்க, பில் மெஷின்ல வர்ற அதே பேப்பர் ரோல். ஸ்லாட் ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரே சீட்டா "1:10 – தோசை 4 – டோக்கன் 31, 32, 35, 38"னு அடிச்சு விட்டா மாஸ்டர் அதை கிளிப்புல மாட்டிட்டு வேலை பார்ப்பார். தனித்தனி ஆர்டரா அடிக்காதீங்க, மாஸ்டருக்கு வேண்டியது ஈடு கணக்கு, யாருக்கு எதுன்னு பார்க்கறது கவுண்டர்ல நிக்கற ஆளோட வேலை. எழுத்து பெருசா இருக்கணும், தமிழ்ல இருக்கணும், இல்லன்னா ஹிந்திலயும் சேர்த்து, ஏன்னா இப்ப நிறைய கேன்டீன்ல சமைக்கறவங்க வடமாநிலத்து ஆளுங்க. மலிவு பிரிண்டர் நிறையதுல தமிழ் எழுத்துரு இருக்காது, வரியை படமா மாத்தி அனுப்பணும், அதை முதல் வாரமே டெஸ்ட் பண்ணிடுங்க.

ரெடி ஆனதைச் சொல்ல கவுண்டர்ல ஒரே ஒரு பெரிய பட்டன் போதும், "அடுத்த ஈடு ரெடி". பழைய டிவி ஒண்ணுல பிரவுசரைத் திறந்து டோக்கன் நம்பரை ஓட விடுங்க.

சாப்பாடு வாங்க க்யூஆர் ஸ்கேனா, டோக்கன் நம்பரா? ஒருத்தன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிட்டா?

நம்பர்தான் வேகம். ஃபோனை எடுத்து, லாக்கைத் திறந்து, பிரைட்னஸ் ஏத்தி, ஸ்கேனர் பிடிக்கற வரைக்கும் ஆட்டி ஆட்டிக் காட்டறதுக்குள்ள "முப்பத்தஞ்சு"ன்னு வாயால சொல்லி வாங்கிட்டுப் போயிடலாம். ரெண்டு டிஜிட் நம்பர், தினமும் புதுசா ஆரம்பிக்கணும், பக்கத்துல பேர்ல முதல் எழுத்து. ஸ்க்ரீன்ஷாட்டை வச்சு ஏமாத்துவாங்களான்னா, ஒருத்தன் வாங்கினதும் கவுண்டர்ல அந்த நம்பர் டிக் ஆகிடும், ரெண்டாவது வர்றவனுக்குக் கிடைக்காது. வாங்கினவன் யாருன்னு அவங்க நாலு பேரும் அவங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கட்டும்.

லஞ்ச் டைம்ல கேன்டீன்ல நெட்டே எடுக்காதே, என்ன பண்றது?

நல்ல கேள்வி, பாதி ப்ராஜெக்ட் இங்கதான் விழும். ஆயிரம் ஃபோன் ஒரே டவரைத் தேடுற நேரத்துல ஆர்டர் போட வச்சா சுத்திக்கிட்டே இருக்கும். ஆர்டர் நடக்க வேண்டியது கேன்டீன்ல இல்ல, காலையில பஸ்லயும் 10:40 இன்டர்வெல்லயும். அதனால முந்தின நாள் ராத்திரியில இருந்தே ஸ்லாட்டைத் திறந்து விடுங்க. டோக்கன் ஒரு தடவை வந்துட்டா ஃபோன்லயே சேமிச்சிருக்கணும், ஏரோப்ளேன் மோட்ல போட்டுத் திறந்தாலும் நம்பர் தெரியணும். கவுண்டர் கம்ப்யூட்டருக்கு கேபிள் இழுத்து காலேஜ் லேன் நெட்வொர்க்ல குடுங்க, வைஃபையை நம்பாதீங்க. கரண்ட் போனாலோ சர்வர் படுத்தாலோ காட்ட 12:30க்கே மொத்த லிஸ்ட்டையும் ஒரு தடவை பேப்பர்ல அடிச்சு வச்சிடுங்க.

பேமெண்ட் எப்படி பண்றது? "காசு போச்சு, டோக்கன் வரல"ன்னு வந்து நிப்பாங்களே?

நிப்பாங்க, கண்டிப்பா. யுபிஐல வெற்றி, தோல்வி தவிர மூணாவதா ஒரு நிலை இருக்கு, பெண்டிங். நிறைய டீம் பெண்டிங்கைத் தோல்வின்னு எடுத்துக்கிட்டு மறுபடி கட்டச் சொல்லிடுவாங்க, ரெண்டு தடவை காசு போகும். பேமெண்ட் ஆரம்பிச்சதும் ஸ்லாட்டை ஒரு 3 நிமிஷம் பிடிச்சு வைங்க, ஃபோன் ஆப் "சக்சஸ்"னு சொல்றதை நம்பாதீங்க, பேமெண்ட் கேட்வே (நடுவுல நின்னு காசு வாங்கித் தர்ற கம்பெனி) உங்க சர்வருக்கு நேரா அனுப்புற வெப்ஹுக்கை, அதாவது தானா வர்ற தகவலைத்தான் நம்பணும். ஒரே வெப்ஹுக் ரெண்டு தடவை வரும், அப்ப ரெண்டு டோக்கன் போட்டுடக் கூடாது. நேரம் தாண்டி காசு வந்து சேர்ந்தா அடுத்த காலி ஸ்லாட்டைக் காட்டி "இது ஓகேவா, இல்ல ரீஃபண்டா"ன்னு கேளுங்க.

நிறைய பேர் வாலட் ஐடியா சொல்வாங்க, மாசத்துக்கு 1000 ரூபா போட்டு வச்சு கழிச்சுக்கறது. கேன்டீனே தன் சாப்பாட்டுக்கு மட்டும் வாலட் குடுத்தா அது குளோஸ்ட் சிஸ்டம், ரிசர்வ் பேங்க் அனுமதி தேவையில்ல. ஆனா நீங்க ஒரு ஸ்டார்ட்அப்பா நடுவுல நின்னு கேன்டீன், ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை மூணுக்கும் சேர்த்து ஒரே வாலட் நடத்தினா அதுக்கு லைசென்ஸ் வேணும். ப்ராஜெக்ட் லெவல்ல வாலட்டைத் தொடாதீங்க.

காசை முன்னாடியே வாங்காம "வந்து கட்டுங்க"ன்னு மட்டும் வைக்காதீங்க, நாலாவது நாள் போட்ட தோசையில பாதி அநாதையாக் கிடக்கும்.

புரொஃபசர் கிளாஸை இழுத்துட்டார், ஸ்லாட்டுக்கு வர முடியல, தோசை போச்சா?

காலேஜ் ஆப்புக்கும் வெளிய இருக்கற ஃபுட் ஆப்புக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் இது. லேட் ஆகறது பையன் தப்பில்ல. அதனால "10 நிமிஷம் தள்ளு"ன்னு ஒரு பட்டன் வேணும், டெஸ்க்குக்குக் கீழ ஃபோனைப் பார்க்காமலே அமுக்கற அளவுக்குப் பெருசா. அந்த ஸ்லாட்டுக்கான சீட்டு கிச்சன்ல அடிக்காத வரைக்கும் தள்ளலாம், அடிச்சுட்டா முடியாதுன்னு தெளிவா காட்டிடுங்க. ஒரு கிளாஸ்ல இருந்து ஏழெட்டு பேர் ஒரே நேரத்துல தள்ளினா அந்த கிளாஸ்ல இருக்கற மத்தவங்ககிட்டயும் "தள்ளவா?"ன்னு ஆப்பே கேட்கலாம், ரிவ்யூல இது செமயா போகும்.

வரவே இல்லன்னா? 15 நிமிஷம் வச்சிருந்துட்டு கவுண்டர்ல நிக்கறவங்களுக்குக் குடுத்திடலாம், பணத்தில பாதி திரும்பவான்னு கேன்டீன்காரரோட பேசி முடிவு பண்ணிக்கோங்க. ஆனா எடுத்து வைக்கற சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு, சமைச்சதை 60 டிகிரிக்கு மேல சூடாவே வைக்கணும், சாதாரண ரூம் சூட்டுல 2 மணி நேரத்துக்கு மேல விடக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. "மதியம் புக் பண்ணி சாயங்காலம் எடுத்துக்கலாம்"னு ஃபீச்சர் வைக்காதீங்க.

ஆப் இல்லாதவங்க, யுபிஐ இல்லாத ஃபர்ஸ்ட் இயர் பசங்க, ஆபீஸ் ஸ்டாஃப், வேலைக்கு வர்ற அக்காங்க?

ரொக்கக் கவுண்டர் எப்பவும் இருக்கணும், இதுல பேச்சே கிடையாது. இன்னொரு விஷயம், ஆப்ல போட்டவன் நேத்து ராத்திரியே புக் பண்ணினான்னு க்யூல நிக்கறவனுக்குத் தெரியாது, நடுவுல புகுந்து வாங்கிட்டுப் போறான்னுதான் தெரியும், கத்துவான். அதனால ஆப் ஆர்டர் குடுக்கற இடம் தனி ஜன்னலா, முடிஞ்சா வேற பக்கத்துல இருக்கட்டும். மனுஷனுக்கு எவ்வளவு நேரம்னு தெரியாத காத்திருப்பும், அநியாயமா தோணற காத்திருப்பும்தான் ரொம்ப நீளமாத் தெரியும்னு மேனேஜ்மெண்ட் எழுத்தாளர் டேவிட் மைஸ்டர் 1985லயே எழுதிட்டார், அதே ரெண்டுதான் இங்கயும். டிவில "இப்ப நேர்ல நின்னா சுமார் 12 நிமிஷம்"னு காட்டிடுங்க, ஆப் இல்லாதவனுக்கும் அது உதவி.

ஆப்பை எதுல கட்டறது, ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, ஃபயர்பேஸா?

ஒரு கேன்டீனுக்கு பிளேஸ்டோர் ஆப்பே வேண்டாம்ங்கறது என் கருத்து. சுவத்துல ஒட்டின க்யூஆரை ஸ்கேன் பண்ணா திறக்கற வெப் ஆப் போதும், ஹோம் ஸ்க்ரீன்ல போட்டுக்கலாம், ஐஃபோன்லயும் ஐஓஎஸ் 16.4ல இருந்து அப்படிப் போட்ட வெப் ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் வருது. பிளேஸ்டோர்தான் வேணும்னா 25 டாலர் கட்டணும், அதோட 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் அக்கவுண்ட்னா 12 பேரை வச்சு 14 நாள் தொடர்ந்து குளோஸ்டு டெஸ்ட் (அவங்களுக்கு மட்டும் ஆப்பைக் குடுத்துப் பார்க்கறது) ஓட்டினாத்தான் வெளியிடவே விண்ணப்பிக்க முடியும், சப்மிஷனுக்கு முந்தின வாரம் இதைக் கண்டுபிடிச்சு அலறுற டீம் ஏராளம். ஆப்பிள் பக்கம் வருஷத்துக்கு 99 டாலர், மறந்துடுங்க.

ஃபயர்பேஸோட டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோர் இலவசமா நாளைக்கு 50,000 ரீடு, 20,000 ரைட்டு தருது. கேக்கப் பெருசாத்தான் இருக்கு, ஆனா 20 ஸ்லாட்டுக்கு 20 டாக்குமெண்ட் வச்சு 1000 பேர் ஆளுக்கு மூணு தடவை திறந்தா 60,000 ரீடு, மதியத்துக்குள்ள கோட்டா காலி. சரி எல்லா ஸ்லாட்டையும் ஒரே டாக்குமெண்ட்ல போடலாம்னா, ஒரே டாக்குமெண்ட்டை எல்லாரும் ஒரே நேரத்துல மாத்தும்போது அங்க முட்டும். ஒரு சின்ன சர்வர், அதுல போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ், "மீதி ஜீரோவுக்கு மேல இருந்தா மட்டும் ஒண்ணு குறை"ன்னு ஒரே அப்டேட் வரி, கடைசி தோசையை ரெண்டு பேர் ஒரே செகண்ட்ல அமுக்கினாலும் ஒருத்தனுக்குத்தான் போகும். போர் அடிக்கற டெக்னாலஜிதான், ஆனா ஓடும்.

ஏஐ எதுவும் சேர்க்கலன்னா மார்க் குறைப்பாங்களே அண்ணா?

புரியுது. காத்திருப்பு நேரத்தைச் சொல்ல மாடல் எல்லாம் தேவையில்ல, கடைசி பத்து ஆர்டர் எடுத்த நேரத்தோட சராசரி போதும். ஏஐ நிஜமாவே உதவற இடம் வேற, நாளைக்கு எவ்வளவு மாவு கரைக்கணும்னு சொல்றது. கிழமை, பரீட்சை இருக்கா, மழையா, மாசக் கடைசியான்னு நாலஞ்சு காரணத்தை வச்சு கணிக்கலாம், ஆனா அதுக்கு ஒரு செமஸ்டர் டேட்டாவாவது வேணும். கேமரா வச்சு கூட்டத்தை எண்ணறேன்னு மட்டும் போகாதீங்க, டோக்கன் எண்ணிக்கையே கையில இருக்கறப்ப முகத்தை எதுக்குப் படம் பிடிக்கணும்.

கேன்டீன் கான்ட்ராக்டர் ஒத்துக்கவே மாட்டேங்கறாரு.

அவர் இடத்துல இருந்து யோசிங்க. க்யூ நீளமா இருந்தா அவருக்கு நஷ்டம் எதுவும் கண்ணுக்குத் தெரியல, கூட்டம் இருக்கு, வியாபாரம் ஆகுது. உங்க ஆப் வந்தா கம்ப்யூட்டர் பார்க்க ஒரு ஆளை விடணும், ரீஃபண்ட் தகராறு வேற. "ஸ்டூடெண்ட்ஸ் டைம் மிச்சமாகும் சார்"னு சொன்னா அவர் ஏன் கேட்கணும்?

நீங்க எடுத்த அட்டைக் கணக்கோட போங்க. க்யூவைப் பார்த்துட்டு திரும்பிப் போனவங்க எத்தனை பேர்னு அதே வாரத்துல வாசல்ல நின்னு எண்ணி வச்சிருந்தீங்கன்னா அதுதான் உங்க துருப்புச் சீட்டு, அதெல்லாம் வெளிய இருக்கற ஜூஸ் கடைக்கும் பிரியாணி வண்டிக்கும் போற காசு. ரெண்டாவது, காலை 10:30க்கே எத்தனை ஃப்ரைட் ரைஸ் போகும்னு கையில லிஸ்ட் இருந்தா மிச்சம் கொட்டறது குறையும். யுபிஐக்கு வியாபாரிகிட்ட ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் பிடிக்கற எம்டிஆர் கட்டணம் 2020 ஜனவரியில இருந்து கிடையாதுன்னும் சொல்லுங்க, கேட்வே கம்பெனி தனியா என்ன வாங்குறாங்கன்னு முன்னாடியே விசாரிச்சுட்டு. கமிஷன் மட்டும் கேட்காதீங்க, 40 ரூபா சாதத்துல நீங்க ரெண்டு ரூபா எடுத்தா அவர் கரண்டியில எடுத்துடுவார்.

கோட் எழுதறதுக்கு முன்னாடியே ஐடியா வேலை செய்யுமான்னு பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கணும். ஒரு கிளாஸ், ஒரு ஐட்டம், ஒரு வாரம். கூகுள் ஃபார்ம்ல ஸ்லாட் போட்டு, வாட்ஸ்அப் குரூப்ல டோக்கன் நம்பர் நீங்களே டைப் பண்ணி அனுப்பி, கிச்சனுக்கு சீட்டை கையால எழுதிக் குடுங்க. பின்னாடி சாஃப்ட்வேரே இல்லன்னு சாப்பிடறவனுக்குத் தெரிய வேண்டாம். இதுல பசங்க சொன்ன நேரத்துக்கு வர்றாங்களா, மாஸ்டர் சீட்டைப் பார்க்கறாரா, தனி ஜன்னல்ல யார் நிப்பாங்கன்னு எல்லாம் வெளிய வந்துடும். ஸ்க்ரீன் டிசைனுக்கு அஞ்சு பேரை உக்கார வச்சு "நாளைக்கு 1:10க்கு ஒரு தோசை போடு"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டுப் பாருங்க, எங்க தடுமாறறாங்களோ அங்க மாத்துங்க. தினமும் அதே ஐட்டம் சாப்பிடற ஆளுங்கதான் அதிகம், அதனால முதல் ஸ்க்ரீன்லயே "நேத்து மாதிரியே" பட்டன் வைங்க.

ரிப்போர்ட்ல ரிசல்ட் எப்படிக் காட்டறது?

"90% பேருக்கு ஆப் பிடிச்சிருக்கு"ன்னு பை சார்ட் போடாதீங்க, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டா எல்லாருக்கும் பிடிக்கும். அதே அட்டை முறையில மறுபடி அளந்து, முன்ன பின்ன ரெண்டையும் பக்கத்துல வைங்க. சராசரியை மட்டும் காட்டாம நடு மதிப்பையும், பத்துல ஒன்பது பேர் எவ்வளவு நேரத்துக்குள்ள வாங்கிட்டாங்கன்னும் காட்டுங்க. ரொம்ப முக்கியமா, ஆப் போடாதவங்க காத்திருப்பையும் தனியா அளங்க, ஆப்காரனுக்கு 8 நிமிஷம் குறைஞ்சு மத்தவனுக்கு 8 நிமிஷம் ஏறியிருந்தா நீங்க எதையும் குறைக்கல. பயன்படுத்த எளிதான்னு காட்ட எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்)னு 10 கேள்வி இருக்கு, ஜான் ப்ரூக் 1986ல உருவாக்கினது, பொதுவா 100க்கு 68தான் சராசரி, அதுக்கு மேல வந்தா எழுதிக்கலாம்.

என்ன விவரம் எல்லாம் வாங்கலாம்?

ஃபோன் நம்பர், கூப்பிட ஒரு பேர், அவ்வளவுதான். ஸ்லாட் தள்ளற வசதி வேணும்னா கிளாஸ். 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு, எதுக்கு வாங்கறோம்னு சொல்லி சம்மதம் வாங்கணும். யார் எந்த நாள் என்ன சாப்பிட்டாங்கன்ற லிஸ்ட்டை செமஸ்டர் முடிஞ்சதும் பேர் இல்லாம ஆக்கிடுங்க.

இதே ஆப்பை ஹாஸ்டல் மெஸ்ஸுக்கும் போடலாமா?

அப்படியே போட முடியாது. மெஸ்ல மெனு ஒண்ணுதான், காசு மாசக் கணக்குல போயிடுது, பில் கவுண்டரே கிடையாது. அங்க நேரம் போறது பரிமாற இடத்துலயும் கை கழுவற இடத்துலயும். மெஸ்ஸுக்கு வேண்டியது "இன்னைக்கு ராத்திரி சாப்பிட மாட்டேன்"னு மத்தியானமே சொல்ற ஒரு பட்டனும், இப்ப உள்ள எத்தனை பேர்னு ரூம்ல இருந்தே பார்க்க ஒரு நம்பரும். ரெண்டாவதுக்கு வாசல்ல ஐடி கார்டு தட்டற எண்ணிக்கை போதும், சாப்பிட்டு முடிக்க ஒருத்தனுக்கு 15 நிமிஷம்னு கழிச்சுட்டு வந்தா உள்ள எத்தனை பேர்னு ஓரளவு சரியா வரும். ஞாயித்துக்கிழமை சிக்கன் போடற மதியத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு நிக்காது, அன்னைக்கு 25ன்னு வச்சுக்கோங்க.